முள் சொன்ன குளிர்

நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடி வழியாக ஆத்தங்குடிக்குப் போய்வந்துகொண்டிருந்த தனியார் பஸ்ஸில், அறுபத்தொன்பதாம் வருஷத்து மார்கழியில் ஒரு நாள், என்ஜின் சூட்டைக் காட்டும் முள் எழுந்திருக்க மறுத்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் இடது ஓரத்தில் ‘சி’ என்று ஓர் ஆங்கில எழுத்து, வலது ஓரத்தில் ‘எச்’. என்ஜின் குளிர்ந்திருந்தால் முள் சி-யில் படுத்திருக்கும். வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடு பிடித்ததும் எழுந்து நடுவில் வந்து நிற்கும். எச் பக்கம் சாய்ந்தால் உள்ளே ஓடும் தண்ணீர் கொதிக்கிறது என்று பொருள். அன்றைக்குக் காரைக்குடி தாண்டியும் முள் படுத்தே கிடந்தது.

டிரைவர் கருத்தையா இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் முள்ளைப் பார்க்காமல் ஓட்டி, என்ஜின் இறுகிப்போய், வேலையும் போய், குன்றக்குடியில் காவடிகளுக்கு மயிலிறகு கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். கருத்தையா வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. “முள்ளு சொல்றத நான் சொல்றதா நெனச்சுக்கங்க” என்று மட்டும்தான் சொன்னார். கருத்தையா அதை அப்படியே நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்குப் பொட்டு வைத்த கையோடு அந்தக் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

காரைக்குடியில் பட்டறை வைத்திருந்த மருதுவிடம் வண்டியைக் கொண்டுபோனார். மருது மெக்கானிக்தான் என்றாலும் டாக்டர் மாதிரிப் பேசுவார். திருப்புளியின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

“உள்ள சளி தங்கிருச்சுண்ணே” என்றார்.

என்ஜினில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அது தடுத்து வைக்கும். அது மூடாமல் நின்றுவிட்டால் என்ஜின் சூடேறாது, டீசல் வீணாகும், நாளடைவில் என்ஜின் தேய்ந்துபோகும். இதையெல்லாம் விளக்கிவிட்டு மருது அந்தக் கதவை மாற்றினார். மறுநாளும் முள் எழவில்லை.

“அப்பப் பனிதான் காரணம்” என்றார் மருது. “குளுந்த தேசத்துலயெல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால படுதா கட்டித்தான் ஓட்டுவாங்களாம். நம்ம ஒரு சாக்கக் கட்டிப் பாப்பம்.”

சாக்குக் கட்டினார்கள். முள் அசையவில்லை. இரண்டாவது சாக்குக் கட்டினார்கள். அதற்கும் அசையாததால் கருத்தையா தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு, பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி வண்டியின் முகத்தில் இழுத்துக் கட்டினார். கம்பளி போன பிறகு அவர் மனைவி பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். முள் மட்டும் படுத்த இடத்திலேயே கிடந்தது.

வண்டியில் ஏறியவர்களுக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மார்கழி விடியலில் பஸ்ஸுக்குள் இதமாக இருந்தது. முன்சீட்டுக்குப் போட்டி வந்தது. வண்டியின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ புகைந்தபோது கண்டக்டர் செம்மலை கேட்டார்.

“அண்ணே, ஆவி வருதே?”

“பனிப்பா” என்றார் கருத்தையா.

“பத்து மணிக்கா?”

“முள்ளப் பாரு. சி-யில கெடக்கு. பச்சத் தண்ணியில ஆவி எங்குட்டு இருந்து வரும்?”

செம்மலை முள்ளைப் பார்த்தார். சி-யில்தான் கிடந்தது. டிக்கெட் கிழிக்கப் பின்னால் போய்விட்டார்.

அந்த பஸ்ஸில் தினமும் வருகிறவள் காளியாயி. நாச்சியாபுரத்துக்காரி, குடியானவ வீட்டுப் பெண். கொஞ்சம் நிலம் உண்டு, ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முட்டைதான். கடைக்குப் போடுகிற முட்டை இல்லை. அடை வைக்கிற முட்டை. காளியாயியின் கையால் வாங்கி வைத்தால் ஒன்றுகூடப் பழுதாகாது என்று ஆத்தங்குடியில் பேச்சு. அங்கே கல் பட்டறைகளில் தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமென்டுக் கல் ஊற்றும் பெண்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் நாலு கோழி இருந்தது. கோழி அடைக்குக் கத்த ஆரம்பித்தால் காளியாயிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவள் உமி பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டு வருவாள்.

பின்சீட்டில் வைத்தால் குலுக்கலில் முட்டை கலங்கிவிடும் என்று அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தவர் கருத்தையா. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பேனட்தான் அது. “இங்குட்டு வைங்க தாயி, அலுங்காது” என்று அவரே கூடையை வாங்கி வைப்பார். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். மழை, மாட்டு விலை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஓடும் பேச்சு. கருத்தையா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவார்.

தை பிறந்தது. ஆத்தங்குடியில் கோழிகள் எழுந்திருக்கவில்லை.

அடை உட்கார்ந்த கோழிகள் மூன்று வாரத்தில் குஞ்சோடு எழுந்திருக்க வேண்டும். வாரம் மூன்று போய் நாலு ஆனது. கோழிகள் இரை எடுக்காமல், இறகு உதிர்ந்து, கிறுக்குப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தன. தூக்கிவிட்டால் மறுபடியும் போய் உட்கார்ந்தன. முட்டையை எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே களக் களக் என்றது. அத்தனையும் கூமுட்டை.

முதலில் கோழியைத் திட்டினார்கள். பிறகு சேவலைத் திட்டினார்கள். கடைசியில் காளியாயியிடம் வந்தார்கள். அவள் கைராசி போய்விட்டது என்றாள் ஒருத்தி. அவள் ஏதோ வீட்டு வாசலில் மிதிக்கக் கூடாததை மிதித்துவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. தெருவுக்குள் கூடையோடு நுழைந்தால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

காளியாயி அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தாள். அதே கோழி, அதே சேவல், அதே முட்டை. நாச்சியாபுரத்தில் அக்கம்பக்கத்தில் கொடுத்ததெல்லாம் பொரித்திருக்கிறது. குன்றக்குடிக்கு நடந்தே கொண்டுபோய்க் கொடுத்ததும் பொரித்திருக்கிறது. பஸ்ஸில் போன முட்டைதான் செத்திருக்கிறது. மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் கூடையை வைப்பதற்கு முன் உள்ளங்கையைப் பேனட் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“டைவரண்ணே, தோசக்கல்லு மாதிரி கொதிக்குதே!”

“கொதிக்கிறதா? தாயி, இங்க பாருங்க.” கருத்தையா கண்ணாடியை விரலால் தட்டினார். “ஒரு மாசமா இந்த என்ஜினு குளுருல நடுங்கிக்கிட்டு இருக்கு. நானும் மருதுவும் படாத பாடு படுறோம்.”

“என் முட்டையெல்லாம் இங்க வச்சுத்தான் வெந்துபோச்சு.”

கருத்தையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இடம் கொடுத்தவனையே குற்றம் சொல்கிறாளே என்று இருந்தது. “உங்க முட்டை செத்ததுக்கு என் வண்டியச் சொல்லாதீக. முள்ளு பொய் சொல்லாது” என்றார்.

“அப்ப என் கை பொய் சொல்லுதா?”

“நீக வெயில்ல நடந்து வந்திருப்பீக. கை சூடா இருந்திருக்கும்.”

விடிந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. காளியாயி கூடையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

ஆத்தங்குடியில் அன்றும் அதற்குப் பிறகும் ஒரு முட்டை விற்கவில்லை. ஒரு நாள் முட்டைக் கூடையோடு அவள் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் கல் பட்டறையில் வேலை பார்க்கும் அழகி ஓடி வந்தாள். ஒரு கையில் கூடை, கூடைக்குள் அடைக்கோழி, கோழிக்கு அடியில் பதினோரு கூமுட்டை. காளியாயியைத் தேடி நாச்சியாபுரத்துக்கே போகலாம் என்று கிளம்பியவளுக்கு பஸ்ஸிலேயே ஆள் கிடைத்துவிட்டாள்.

“இந்தா உன் முட்டை” என்று கூடையைப் பேனட் மேல் தொப்பென்று வைத்தாள். “என் கோழி நாப்பது நாளா உக்காந்து எலும்பாப் போச்சு. நீயே இதுக்கு இரை போடு.”

“கோபப்படாத அழகி. நான் சொல்றதக் கேளு.”

“என்னத்தக் கேக்குறது? உன் கையில என்ன வெளங்காமப் போச்சுன்னு ஊரே பேசுது!”

வண்டி நகர்ந்தது. சண்டையும் நகர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கருத்தையா யார் பக்கமும் சேராமல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைக்கோழியின் பிடிவாதம் எல்லோருக்கும் தெரியும். கல்லால் அடித்தாலும் எழாது. மழையில் நனைந்தாலும் எழாது. அந்தக் கோழி பலவான்குடிப் பக்கம் வரும்போது மெல்ல எழுந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியது. அந்தக் காலை வைத்துவிட்டு மறு காலைத் தூக்கியது. பிறகு கொக்கரித்துக்கொண்டு ஒரே பறப்பாகப் பறந்து கருத்தையாவின் மடியில் போய் இறகைப் பரப்பி உட்கார்ந்தது.

“எடுங்க, எடுங்க இத!” என்று கருத்தையா கத்தினார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியவில்லை. செம்மலை பிடிக்க வந்தபோது கோழி அவர் கையைக் கொத்தியது. அது இருக்கிற இடத்தை விட்டு எழுவதாக இல்லை. நாற்பது நாளில் அதற்குக் கிடைத்த முதல் சுகமான இடம் அதுதான்.

“பாத்தீகளாண்ணே?” என்றாள் காளியாயி, பேச்சு நின்ற நாளுக்குப் பிறகு முதல்முறையாக. “அடைக்கோழியே எந்திரிச்சுருச்சு. இன்னமும் முள்ளத்தான் நம்புவீகளா?”

“கோழிக்கு என்ன தெரியும்? முள்ளு சி-யில...”

அவர் முடிக்கவில்லை. பேனட் மேல் இருந்த கூடையில் ஒரு முட்டை வேட்டு மாதிரி வெடித்தது. அடுத்து இன்னொன்று. அடுத்தடுத்து மூன்று. நாற்பது நாள் ஊறிய நாற்றம் பஸ் முழுக்க நிறைந்தது. கருத்தையா பிரேக்கை மிதிப்பதற்குள் பின்படியில் பாதிப்பேர் இறங்கி வயலுக்குள் ஓடிவிட்டார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகவே இறங்கினார். கடைசியாகக் கோழியை மடியில் அணைத்துக்கொண்டு கருத்தையா இறங்கினார்.

வண்டி ரோட்டோரம் நின்றது. மூக்கிலிருந்து கம்பளியையும் மீறி ஆவி சீறியது. வரப்பில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொன்று பேசினார்கள். கருத்தையா மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“இப்பவும் சி-தான்.”

காளியாயி அவர் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, கோழியும் வேணாம், என் கையும் வேணாம். நீகளே போயி அந்தப் பேனட்டுல உக்காருங்க. சூடு இல்லைன்னு சொல்லுங்க. நான் இந்த யாவாரத்தையே விட்டுர்றேன்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கருத்தையா கோழியைச் செம்மலையிடம் நீட்டிவிட்டு, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, நாற்றத்துக்குள் ஏறினார். பேனட் மேல் உட்கார்ந்தார். வெளியிலிருந்து ஜன்னல் வழியாக அத்தனை முகங்கள். அவர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. கண்ணில் நீர் கட்டியது. உதடு மட்டும், “இல்ல, சூடு இல்ல” என்று முணுமுணுத்தது. கோழி உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அவர் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்தார் என்று செம்மலை பிற்காலத்தில் விசுவாசத்தோடு சொல்வார். பிறகு ஒரு சத்தம் போட்டுக்கொண்டு எழுந்து ஓடி வந்து, வரப்போரம் வாய்க்காலில் இடுப்பளவுக்கு இறங்கி நின்றுகொண்டார்.

“தாயி,” என்றார் தண்ணீரில் நின்றபடி, “மருதுவக் கூப்பிட்டு விடுங்க.”

யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி மருது வந்து சேருவதற்குள் என்ஜின் ஆறி, நாற்றமும் கொஞ்சம் ஆறியிருந்தது. மருது கம்பளியையும் சாக்குகளையும் அவிழ்த்துப் போட்டார். அவற்றைக் கட்டச் சொன்னது யார் என்று யாரும் கேட்பதற்குள் குனிந்து வேலையில் இறங்கிவிட்டார். பேனட்டைத் திறந்து, என்ஜின் தலையில் திருகியிருந்த கட்டைவிரல் பருமனான ஒரு பித்தளைக் குமிழைக் காட்டினார். அதன் உச்சியிலிருந்து ஒரே ஒரு ஒயர் முள் இருக்கும் பக்கம் போனது.

“இது தண்ணிக்குள்ள முங்கி நிக்கும். சூட்ட நாடி பாத்து முள்ளுக்குச் சொல்லி அனுப்புறது இதுதான்” என்றார். “சீக்கு முள்ளுலயா, ஒயர்லயா, இதுலயான்னு பாக்கணும். செம்மலை, சாவியத் திருப்பு. என்ஜின ஓட்டாத. முள்ள மட்டும் பாத்துச் சொல்லு.”

ஒயரைக் குமிழிலிருந்து கழற்றினார்.

“அப்படியே கெடக்கு” என்றார் செம்மலை.

மருது ஒயரின் நுனியை என்ஜின் இரும்பில் தொட்டுப் பிடித்தார். வயலில் நின்றவர்களெல்லாம் நாற்றத்தை மறந்து ஜன்னலில் மொய்த்தார்கள். வாய்க்காலில் நின்ற கருத்தையாவும் ஈர வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏறுது!” என்று கத்தினார் செம்மலை. “நடுவுக்கு வந்துருச்சு... தாண்டிருச்சு... எச்சுக்கே போயிருச்சுண்ணே!”

மருது ஒயரை எடுத்தார். முள் மெல்லச் சாய்ந்து சி-யில் படுத்தது.

“முள்ளும் நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு. இந்தக் குமிழு செத்துப்போச்சு. இது சேதி சொல்லாட்டி முள்ளு சி-யிலதான் கெடக்கும், என்ஜினு பத்தி எரிஞ்சாலும்.” மருது கையைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம்.”

கருத்தையா வரப்பில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தார். என்ஜின் கொதிக்கும்போது முள் குளிர் என்றது. ஆறிக் கிடக்கும்போது ஒயரைத் தொட்டால் கொதிக்கிறது என்கிறது. இத்தனை வருஷம் பொட்டு வைத்தது இதற்கா என்று நினைத்தபோது, சூடு பட்ட இடத்தைவிட மனசு அதிகமாக எரிந்தது. காளியாயி அவர் அருகில் வந்தாள்.

“எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் கொழப்பித் தடவுங்கண்ணே” என்றாள். “ஆனா நீக ஆத்தங்குடிக்கு வந்து நடந்ததச் சொல்லணும். என் பேரு போச்சு.”

“வந்து சொல்றேன் தாயி” என்றார்.

மதுரையிலிருந்து புதுக் குமிழ் வந்தது. அதை உடனே வண்டியில் மாட்டக் கருத்தையா விடவில்லை. பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையின் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியை இறக்கி வரச் சொன்னார். குமிழில் ஒயரை மாட்டி, அதன் உடம்பிலிருந்து இன்னொரு ஒயரை என்ஜினுக்கு இழுத்து, சட்டிக்குள் தொங்கவிட்டார்கள். முள் ஏறியது. பச்சைத் தண்ணீரில் விட்டார்கள். இறங்கியது. மறுபடி சுடுதண்ணீர், மறுபடி பச்சைத் தண்ணீர். டீக்கடைக்காரர், “குடிக்க வந்தவங்களுக்கு நான் என்ன ஊத்துறது?” என்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும்வரை அவர் நிறுத்தவில்லை.

சொன்னபடி கருத்தையா ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காளியாயி கூடையோடு தள்ளி நின்றாள். கருத்தையா பழைய குமிழை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். இது நாடி பார்க்கும், ஒயர் வழியாகச் சேதி போகும், சேதி போகாததால் என்ஜினுக்குச் சளி பிடித்துவிட்டது என்று சாக்குக் கட்டினோம், சாக்குக் கட்டியதால் என்ஜின் கொதித்தது, கொதித்ததால் முட்டை வெந்தது.

பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

“பஸ்ஸுக்குச் சளி புடிச்சா முட்டை எப்புடிச் சாகும்?” என்றாள் ஒருத்தி.

அவர் மறுபடியும் சொன்னார். குமிழ் கையிலிருந்து கைக்கு மாறி எல்லோரிடமும் போய்வந்தது. “இத்தனூண்டு பித்தளை பதினோரு குஞ்சக் கொன்னுச்சாக்கும்” என்று ஒரு பெண் சிரித்தாள். முட்டை வெடித்ததைக் கண்ணால் பார்த்த அழகியே தலையை ஆட்டினாள். “நீக நல்லவரு, அண்ணே. அவளுக்காகப் பேச வந்திருக்கீக. ஆனா கையில வெளங்கலைன்னா வெளங்கலதான்.”

காளியாயி கூடையைத் தலையில் தூக்கினாள். கருத்தையா அவள் முகத்தைப் பார்த்தார். உண்மை அத்தனையும் சொல்லித் தீர்ந்துவிட்டது. இனிச் சொல்வதற்கு உண்மை எதுவும் மிச்சமில்லை.

“சரி, மறைக்காமச் சொல்லிர்றேன்” என்றார். “அவுக கையில குத்தமில்ல. என் கண்ணுதான்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“தெனமும் பக்கத்துல கூடை நெறைய முட்டை. எங்க வீட்டுல ஒரு ஆம்லெட்டுக்கு வழியில்லையேன்னு அதையே பாத்துப் பெருமூச்சு விட்டேன். ஒரு நாளா ரெண்டு நாளா? மார்கழி பூராவும் விட்டேன்.”

“அதானே பாத்தேன்!” என்று அழகி எழுந்தே விட்டாள். “இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பித்தளை, ஒயருன்னு சுத்தி வளைச்சுக்கிட்டு!”

ஒரு நொடியில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ஒருத்தி அடுப்படிக்குப் போய் மிளகாயும் உப்பும் எடுத்து வந்தாள். கருத்தையாவை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். நெடி வரவில்லை, அப்படியானால் கண் பொல்லாத கண்தான் என்று முடிவு கட்டினார்கள். அழகி காளியாயியின் கையைப் பிடித்து, “அக்கா, மனசுல வச்சுக்காத” என்று சொல்லி அங்கேயே முட்டைகளை எடுத்துக்கொண்டாள். கூடை காலியானது.

திரும்பும்போது காளியாயி, “ஏண்ணே, அப்புடிச் சொன்னீக?” என்றாள்.

“வேற எதச் சொன்னாலும் நம்பலையே தாயி.”

அதற்குப் பிறகு காளியாயியின் வியாபாரம் பழையபடி நடந்தது. கூடையை மறுபடியும் பேனட் மேல்தான் வைத்தாள். ஆனால் புதுத் துண்டு ஒன்றை நாலு பக்கமும் செருகி மூடி வைத்தாள். ஆத்தங்குடியில் யாராவது பார்த்தால் கூடை டிரைவர் கண்ணெதிரே திறந்து கிடக்கக் கூடாது அல்லவா? கருத்தையா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “நல்லா இழுத்து மூடுங்க” என்று அவரே சொல்வார். அவர் கண்ணைப் பற்றிய பேச்சு பஸ் போகிற ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பூசணிக்காயோடு ஏறுகிறவர்கள் முந்தானையால் அதை மறைத்துக்கொண்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பின்படியில் ஏறினார்கள். வழியில் கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பஸ் வரும்போது மாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

வைகாசியில் முதலாளி இன்னொரு பஸ் வாங்கினார். பளபளவென்று நின்ற அந்த வண்டியை நல்ல டிரைவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று கருத்தையாவுக்கே கொடுத்தார். ஆனால் பூஜைக்கு முதல் நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நீகதான் ஓட்டணும், அதுல மாத்தமில்ல. வெளிய நின்னு மட்டும் பாத்துறாதீக.”

கருத்தையா தரையைப் பார்த்தபடி சரி என்றார். மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கித் தேங்காய் உடைத்து முடிந்ததும், தெருமுனையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த அவரிடம் செம்மலை போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். கருத்தையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். படி எங்கே இருக்கிறது, தலை எங்கே இடிக்கும் என்று சொல்லிச் சொல்லி அழைத்துப்போய், செம்மலை அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

“இப்பத் தெறக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் விசில் ஊதினார்.